வலிக்காத நோய், வலிக்கிற மருந்து

கண் டாக்டரிடம் போகும்போதெல்லாம் முதலில் வருகிற கேள்வி இதுதான்: "சொட்டு ஒழுங்கா போடுறீங்கல்லம்மா?" "போடுறேன் டாக்டர்" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்ல அங்கே இடம் கிடையாது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் தாடையை மிஷினில் வைக்கச் சொல்லிவிடுவார்கள். நான் கணக்கு டீச்சர். பாடம் முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் மொத்த வகுப்பும் ஒரே குரலில் "புரிஞ்சுது டீச்சர்" என்னும். யாருக்கு என்ன புரிந்தது என்பது பரீட்சைத் தாள் கைக்கு வரும்போதுதான் தெரியும். டாக்டரின் கேள்வியும் அந்த ரகம்தான். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. வெளியே பெஞ்ச் நிறைய ஆட்கள் காத்திருக்கும்போது அவரும்தான் என்ன செய்வார்? ஆனால் சொட்டு போடுகிறவளை அந்தச் சொட்டு என்ன பாடு படுத்துகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லையே என்பது ரொம்ப நாளாக உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது. அதை இறக்கி வைக்கத்தான் இந்தப் பதிவு.

எனக்குக் கிளாகோமா. மருத்துவமனைச் சுவரில் "கண் நீர் அழுத்த நோய்" என்று எழுதியிருக்கும். வீட்டில் எல்லோரும் "கண்ணுல ப்ரெஷர்" என்கிறார்கள். ப்ரெஷர் என்று காதில் விழுந்ததும், "அப்ப பி.பி. மாத்திரை போட்டா சரியாயிடாதா?" என்று கேட்ட சொந்தக்காரர்கள் உண்டு. சிரித்திருக்கிறேன். அந்தக் கேள்வி அவ்வளவு சிரிப்புக்குரியது இல்லை என்பது பிற்பாடு புரிந்தது, அதற்கு வருகிறேன். வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போடலாம் என்று போன இடத்தில்தான் இது பிடிபட்டது. அழுத்தம் இடது கண்ணில் 28, வலது கண்ணில் 20. இருபத்தொன்று வரை பரவாயில்லை என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது, அதற்குக் கீழே இருந்துகொண்டே பார்வை நரம்பு கெட்டுப்போனவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இடது கண் நரம்பு தேய ஆரம்பித்திருந்தது. சுற்றுப்பார்வை எதுவரை தெரிகிறது என்று பார்க்கிற பீல்டு டெஸ்ட்டில் மூக்குப் பக்கமாக, மேல் மூலையில் ஒரு திட்டு கறுப்பாக வந்தது. வலது கண்ணை இப்போதைக்குக் கவனித்தால் போதும் என்றார்கள். அதனால் சொட்டு இடது கண்ணுக்கு மட்டும். இந்த விஷயம் பின்னால் தேவைப்படும்.

அந்தக் கறுப்புத் திட்டு அச்சடித்த தாளில்தான் எனக்குத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியவே இல்லை. ஒரு கண் விட்டதை இன்னொரு கண் பிடித்துக்கொள்கிறது, மிச்சத்தை மூளை இட்டு நிரப்பிவிடுகிறது. வலி இல்லை, சிவப்பு இல்லை, கரும்பலகையில் நான் எழுதிய ஒரு எண்ணும் மங்கவில்லை. தென் தமிழ்நாட்டுக் கிராமங்களில் அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் ஆய்வு செய்து 2003-இல் வெளியிட்டார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குக் கிளாகோமா. அதில் என்னைப் போன்ற திறந்த கோண வகைக்காரர்களில் (கண் நீர் வடிகிற மூலை மூடாமல் திறந்தே இருக்கிற வகை) பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல், தங்களுக்கு அது இருப்பதே தெரியாமல் இருந்திருக்கிறார்கள். தெரியாதுதான், எப்படித் தெரியும்? உடம்பு எதுவுமே சொல்வதில்லை. சொட்டு போட ஆரம்பித்த அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கண் எரிகிறது, சிவக்கிறது, அரிக்கிறது. நோய் வந்ததற்கான உடம்பு அடையாளம் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் மருந்து தந்தவைதான்.

அப்பாவின் சொட்டு

அப்பா லாலாப்பேட்டையில் ஒரு வாழைக்காய் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கும் இதே நோய். அந்தக் காலத்தில் அவருக்குக் கொடுத்தது பைலோகார்பின். தென்னமெரிக்கச் செடி ஒன்றின் இலையிலிருந்து எடுத்த மருந்து, 1870-களிலிருந்து கண்ணுக்குப் போட்டுவருகிறார்கள். ஒரு நாளைக்கு நாலு வேளை. போட்டதும் கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிவிடும். அழுத்தம் குறையும், ஆனால் வெளிச்சம் உள்ளே போகிற வாசலும் குறுகிவிடும். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் அப்பாவுக்கு உலகமே இருண்டுவிடும். புருவத்துக்கு மேலே ஒரு குத்தல் வேறு. மண்டிக்குள் ஏற்கெனவே இருட்டு. நாற்பது வாட்ஸ் பல்பு வெளிச்சத்தில் சீப்புக் கணக்கை எழுத முடியாமல் அவர் நோட்டை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அவர் சொட்டை நிறுத்திவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. அம்மா கேட்டால் "போட்டாச்சு போட்டாச்சு" என்பார். பாட்டில் சட்டைப்பையிலேயே இருக்கும். திருச்சிக்குப் போய்க் காட்டும் நாளுக்கு முந்தின நாள் மட்டும் ஒழுங்காகப் போடுவார் என்று நினைக்கிறேன், ப்ரெஷர் ஓரளவு சரியாகவே காட்டும். ரொம்ப வருஷம் கழித்து, பார்வை ஒரு குழாய்க்குள் சுருங்கிப்போன பிறகு, ஒரு நாள் அவராகவே சொன்னார்: "சொட்டு போட்டாத்தான் கண்ணு மங்குச்சு பாப்பா. போடாதப்ப நல்லா தெரிஞ்சுது." தினத்தந்தித் தலைப்பை எழுத்துக்கூட்டாமல் படிப்பார், பக்கத்தில் வைத்த டம்ளரைத் தேடித் துழாவுவார். நடுப்பார்வை கடைசி வரை தாக்குப்பிடித்தது, சுற்றுவட்டம் முழுக்கப் போய்விட்டது.

இதைக் கேட்கிறவர்கள் "பாவம், விவரம் தெரியாத மனுஷன்" என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மண்டிக் கணக்கில் ஒரு ரூபாய் தப்பவிடாத மனுஷர் அவர். தன் கண் காட்டிய சான்றை வைத்து ஒரு முடிவுக்கு வந்தார், அவ்வளவுதான். போட்டால் மங்குகிறது, விட்டால் தெளிகிறது. இந்தச் சான்று ஏன் ஏமாற்றுகிறது என்று அவருக்கு விளக்கிச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. அதற்கு முதலில் "போட்டா எப்படி இருக்கு?" என்று அவரைக் கேட்டிருக்க வேண்டும்.

ஒரு கண் மட்டும் அழகாவது

எனக்கு முதலில் எழுதிக்கொடுத்தது லாட்டனோப்ரோஸ்ட். இரவில் ஒரே ஒரு சொட்டு. அப்பா பட்ட பாட்டைப் பார்த்தவளுக்கு இது வரமாகத் தெரிந்தது. ஆரம்பத்தில் காலையில் எழுந்தால் கண் சிவந்திருக்கும், போகப்போகக் குறைந்தது. படுக்கும் முன் போடச் சொல்வதில் இப்படி ஒரு சௌகரியமும் இருக்கிறது, சிவப்பின் பெரும்பகுதி தூக்கத்திலேயே கழிந்துவிடும். மருந்தோடு வந்த துண்டுத்தாளில் கருவிழியின் நிறம் மாறலாம் என்று எச்சரித்திருந்தார்கள். பச்சையும் பழுப்பும் கலந்த கண்காரர்களுக்குத்தான் அது கண்கூடாகத் தெரியுமாம். நம் கண்ணில் இதற்கு மேல் கறுக்க என்ன இருக்கிறது!

ஆனால் இமை முடி வளர்ந்தது. இடது கண்ணில் மட்டும். நீளமாக, அடர்த்தியாக, கறுகறுவென்று. மூக்குக் கண்ணாடியில் போய் இடிக்கிற அளவுக்கு. புருவம் திருத்தப் போன இடத்தில் அந்தப் பெண், "அக்கா, ஒரு கண்ணுக்கு மட்டும் ஒட்டு இமை வச்சிருக்கீங்களா?" என்றாள். விஷயத்தைச் சொன்னதும் அந்தச் சொட்டு எங்கே கிடைக்கும் என்று விசாரித்தாள். விளையாட்டில்லை, இதே குடும்பத்தைச் சேர்ந்த பிமாட்டோப்ரோஸ்ட் என்ற கிளாகோமா மருந்தை 2008-இல் அமெரிக்காவில் இமை முடி வளர்ப்பதற்கென்றே தனியாக அங்கீகரித்தார்கள். எங்கள் தொந்தரவு இன்னொருத்தருக்கு அலங்காரம்.

கூடவே வந்த மற்ற இரண்டும் அவ்வளவு ரசிக்கும்படி இல்லை. இடது கண்ணைச் சுற்றித் தோல் கறுத்தது, மேல் இமைக்கு மேலே லேசாகக் குழி விழுந்தது. கண்ணுக்குப் பின்னால் மெத்தை மாதிரி இருக்கிற கொழுப்பு இந்த மருந்தால் வற்றுகிறது என்கிறார்கள். இரண்டு கண்ணுக்கும் போடுகிறவர்களுக்கு முகம் சமமாக மாறுவதால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். எனக்கு ஒரு பக்கம் மட்டும். ஒரு கல்யாணத்தில் என் ஓரகத்தி தனியாக இழுத்துக்கொண்டு போய், "வீட்ல எதாவது பிரச்சினையா?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் கை நீட்டுகிறாரோ என்று அவளுக்குச் சந்தேகம். பாவம், அவர் அந்தப் பக்கம் பந்தியில் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தார்.

டாக்டரிடம் சொன்னேன். "பார்வை முக்கியமா, அழகு முக்கியமாம்மா?" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார், ஆனால் அதற்குப் பிறகு நான் எதையும் சொல்வதை நிறுத்திவிட்டேன். இந்த நோய்க்காரர்கள் நிறையப் பேர் ஊமையாகிவிடுவது இந்த இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. எதிர்த்தட்டில் குருடு என்கிற சொல்லை வைத்துவிட்டால் இந்தப் பக்கம் எதை வைத்தாலும் எடை நிற்காது. எரிச்சலா, பொறுத்துக்கொள். கறுத்துவிட்டதா, பொறுத்துக்கொள். அது நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் இது பத்து நாள் போடுகிற மருந்து இல்லை. ஆயுசு முழுக்கப் போடுவது. ஆயுசு முழுக்க ஒரு மருந்தைப் போடப்போகிறவளுக்கு அந்த மருந்தைப் பற்றிப் பேச உரிமை உண்டு.

வலது கண்ணின் ரகசியம்

லாட்டனோப்ரோஸ்ட் 28-ஐ 21 வரை கொண்டுவந்தது. நரம்பின் நிலைமைக்கு இன்னும் இறங்க வேண்டும் என்று, காலையும் மாலையும் போட டிமோலால் சேர்த்தார்கள். ஆஸ்துமா உண்டா என்று கேட்டார்கள், இல்லை என்றேன். டிமோலாலைப் போட்டால் கண்ணில் எந்தத் தொந்தரவும் தெரியாது. எரியாது, சிவக்காது, முடி வளராது. சமர்த்துச் சொட்டு என்று நினைத்தேன்.

அடுத்த சில மாதங்களில் எனக்கு உடம்பு முடியாமல் போனது. காய்ச்சல், வலி என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாத முடியாமை. மத்தியானப் பாடவேளையில் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மனசே வராது. எதிலும் பிடிப்பு இல்லை. கார்த்திகைச் சோமவாரத்துக்கு ஐயர்மலை ஏறுவது எங்கள் வீட்டு வழக்கம், 1017 படி. எங்கே நின்று மோர் குடிப்போம், எங்கே உட்காருவோம் என்பதெல்லாம் மனப்பாடம். அந்த வருஷம் பாதியிலேயே நின்றுவிட்டேன். மூச்சு வாங்கவில்லை, நெஞ்சு படபடக்கவில்லை. அதுதான் விசித்திரம். இதயம் தன் பாட்டுக்கு நிதானமாகத் துடித்துக்கொண்டிருக்க, கால் மட்டும் "இதுக்கு மேல என்னால ஆகாது" என்றது. பின்னால் வந்த பாட்டிமார்கள் என்னைத் தாண்டிப் போனார்கள்.

உள்ளூர் டாக்டரிடம் போனேன். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்தார். எல்லாம் சரி. நாடி மட்டும் 50. ஈ.சி.ஜி. எடுத்தார், துடிப்பு மெதுவாக இருக்கிறதே தவிர வேறு கோளாறு இல்லை. "ஓட்டப்பந்தயம் எதுவும் ஓடுறீங்களா?" என்று சிரித்தார். "வேற மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?" "இல்ல டாக்டர்." உண்மைதானே, நான் எந்த மாத்திரையும் சாப்பிடவில்லை. மாதவிடாய் நிற்கிற வயசு, அதனால் இருக்கலாம் என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சமயத்தில் கண் செக்கப் வந்தது. இடது கண் 17. சந்தோஷம். வலது கண் 18. அதுவரை ஒவ்வொரு தடவையும் இருபதைத் தொட்டுக்கொண்டிருந்த கண் அது. இரண்டு புள்ளி குறைந்தது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை, அளக்கும் நேரத்துக்கு நேரம் அவ்வளவு ஏறி இறங்கும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் கணக்கு டீச்சர் புத்தி சும்மா இருக்குமா? அன்றைக்கு உட்கார்ந்திருந்தவர் இளவயது டாக்டர், மேற்படிப்பு படிப்பவர் போல. "சார், வலது கண்ணுக்குச் சொட்டே போடலையே, அது ஏன் குறைஞ்சுது?" என்று கேட்டேன். அவர் எழுதிக்கொண்டே, "அது டிமோலால்மா. ரத்தத்துல போய் அந்தக் கண்ணுக்கும் கொஞ்சம் வேலை செய்யும்" என்றார். சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

குளித்தலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த ஒரு வாக்கியத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இடது கண்ணில் விட்ட சொட்டு வலது கண் வரை போகிறது. இரண்டுக்கும் நடுவில் நேர் வழி கிடையாது. உடம்பு முழுக்கச் சுற்றித்தான் அது அங்கே போயிருக்க முடியும். அப்படியென்றால் வழியில் வேறு எங்கெல்லாம் இறங்கிவிட்டுப் போகிறது? ரத்தத்தில் இருப்பது இதயத்தின் வழியாகப் போகாமல் எந்தப் பக்கம் போகும்? முக்கொம்பு தாண்டுவதற்குள் எனக்கு நாடி 50-க்கு விடை கிடைத்துவிட்டது.

மறுநாள் பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளூர் டாக்டரிடம் போனேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தவர், "அட, இது பீட்டா பிளாக்கர், இதயத் துடிப்பை மெதுவாக்குற மருந்து! இதை ஏம்மா அன்னிக்குச் சொல்லல?" என்றார். "நீங்க மாத்திரைதானே கேட்டீங்க டாக்டர்." இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். என் மாமியார் பி.பி.க்குப் போடுகிற அடினலால் மாத்திரையும் இந்தச் சொட்டும் ஒரே வம்சம். பி.பி. மாத்திரை போட்டால் கண் ப்ரெஷர் சரியாகாதா என்று கேட்டவர்கள் அவ்வளவு தப்பாகக் கேட்டுவிடவில்லை! இத்தனூண்டு சொட்டு எப்படி இவ்வளவு செய்யும் என்பதற்கும் அவர்தான் விளக்கம் சொன்னார். ஒரு சொட்டில் இருப்பது கால் மில்லிகிராம் மருந்துதான். ஆனால் வயிற்றுக்குப் போகும் மாத்திரையில் ஒரு பங்கைக் கல்லீரல் முதலிலேயே பிடித்து உடைத்துவிடும். கண்ணில் விட்டது கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்குள் இறங்கி, அங்கிருந்து நேராக ரத்தத்தில் கலக்கிறது. கல்லீரல் அதைப் பார்ப்பதற்கு முன்னாலேயே இதயம் பார்த்துவிடும். ஆஸ்துமாக்காரர்களுக்கு இந்தச் சொட்டு உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதும், சர்க்கரைக்காரர்களுக்குத் தாழ்சர்க்கரை வரும்போது எச்சரிக்கிற படபடப்பை இது மறைத்துவிடலாம் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் கண் டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். டிமோலாலை நிறுத்தினார்கள். நாடி அறுபதுக்கு மேல் ஏறியது. மத்தியான வகுப்பில் நின்றுகொண்டே பாடம் நடத்தினேன். அதற்கடுத்த செக்கப்பில் வலது கண் மறுபடியும் 20. கணக்கு நேரானது.

கசப்பும் மெட்ராஸ் ஐயும்

டிமோலாலுக்குப் பதில் டார்சோலமைட் வந்தது. போட்டதும் சுரீர் என்று எரியும். அது நிமிஷத்தில் அடங்கிவிடும். அடங்காதது கசப்பு. சொட்டு போட்டுக் கொஞ்ச நேரத்தில் தொண்டையில் வேப்பங்கொட்டையைக் கடித்த கசப்பு, காலைக் காபி பாழ். நாலில் ஒருவருக்கு இப்படி வாய் கசக்கும் என்று மருந்துத் தாளிலேயே போட்டிருக்கிறார்கள். கண்ணில் போட்டதை நாக்கு ருசி பார்க்கிறது என்றால் அது எந்த வழியாகப் போகிறது என்று இப்போது எனக்குத் தெரியுமே. மருத்துவமனையில் கவுன்சலிங் பார்க்கிற பெண் ஒருத்தி ஒரு உபாயம் சொல்லிக்கொடுத்தாள்: சொட்டு விட்டதும் கண்ணைச் சிமிட்டாமல் மெதுவாக மூடு, மூக்கை ஒட்டிய கண் மூலையை விரல் நுனியால் இரண்டு நிமிஷம் அழுத்திப் பிடி, வழிந்ததை ஈரத்துணியால் துடைத்துவிடு. குழாயின் வாயை அடைக்கிற வேலைதான். பைசா செலவில்லை. காபி பழைய ருசிக்குத் திரும்பியது. அதிலிருந்து கசப்பை நான் ஒரு அளவுகோலாகவே வைத்துக்கொண்டேன். தொண்டை கசந்தால் மருந்து கண்ணில் தங்கவில்லை என்று அர்த்தம். ஒரு சொட்டுக்கு மேல் விட்டாலும் பிரயோஜனம் இல்லை என்பதும் அவள் சொன்னதுதான், ஒரு சொட்டையே கண் முழுதாகப் பிடித்து வைத்துக்கொள்ளாது. இரண்டு வேறு சொட்டு என்றால் நடுவில் ஐந்து நிமிஷம் விட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவித் தள்ளிவிடும்.

இத்தனையையும் அவள் நின்றுகொண்டே சொல்லி முடித்தாள். டிமோலால் எழுதிக் கொடுத்த அன்றைக்கே யாராவது இதைச் சொல்லியிருந்தால், ஐயர்மலையில் கூடுதலாக ஒரு நூறு படியாவது ஏறியிருப்பேன்.

டார்சோலமைட் போதாமல் பிரிமோனிடின் சேர்ந்தது. வாய் வறண்டது. வாயால் பிழைப்பவளுக்கு இது தனிக் கொடுமை, தண்ணீர் பாட்டில் இல்லாமல் வகுப்புக்குப் போக முடியாது. தூக்கமும் வந்தது. அதையெல்லாம் சமாளித்து மாதக்கணக்கில் போட்ட பிறகு ஒரு நாள் திடீரென்று இடது கண் வீங்கி, செக்கச்செவேலென்று, அரிப்புத் தாங்கவில்லை. இந்த மருந்தின் ஒவ்வாமை இப்படித்தானாம், பழகிவிட்டது என்று நாம் நினைத்த பிறகு வரும். பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்ச் பையன் என்னைப் பார்த்ததும் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டான். "மெட்ராஸ் ஐயா டீச்சர்?" மெட்ராஸ் ஐ உள்ளவரைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று நம்புகிற ஊரில், ஒட்டவே ஒட்டாத நோய்க்கு நான் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அலைந்தேன். தலைமை ஆசிரியை லீவு எடுக்கச் சொன்னார். எடுத்துக்கொண்டேன், அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

அந்தத் தடவை டாக்டரம்மா ஒருவர், கண்ணில் மஞ்சள் சாயம் போட்டு நீல விளக்கில் ரொம்ப நேரம் பார்த்தார். மருந்து மட்டுமில்லை, பாட்டிலுக்குள் கிருமி வளராமல் இருக்கச் சேர்க்கிற பென்சல்கோனியம் குளோரைடும் கண்ணின் மேற்பரப்பைக் கெடுத்திருக்கிறது என்றார். அது ஒரு சோப்பு வகை. ஒரு பாட்டிலில் இருப்பதைக் கண் தாங்கும், மூன்று பாட்டில் வருஷக்கணக்கில் என்றால் கண்ணீர்ப் படலம் குலைந்துபோகும். அது சேர்க்காத சொட்டுகளும் இருக்கின்றன, விலை கூடுதல், எல்லாக் கடையிலும் கிடைக்காது. கண் உலர்ந்து போனதால் பீல்டு டெஸ்ட்டில் பொட்டு வெளிச்சம் மங்கித் தெரிந்து, நான் பட்டனை அழுத்தாமல் விட்டவையும் இருக்கலாம் என்றார். அதாவது, நோய் முற்றுகிறதா என்று பார்க்கிற பரீட்சையையே மருந்து குழப்பிவிடுகிறது. அவர்தான் முதன்முதலாக வேறு மாதிரிக் கேட்டார்: "இந்த மூணுல எது உங்களுக்கு ரொம்பத் தொல்லை குடுக்குது? எதை விட்டுடலாம்னு தோணுது?" நான் வரிசையாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். மொத்தமாக ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அந்த ஐந்து நிமிஷத்தில்தான் லேசர் பற்றிய பேச்சு வந்தது. கண் நீர் வடிகிற வழியில் லேசர் பாய்ச்சி அழுத்தத்தைக் குறைக்கிற எஸ்.எல்.டி.யைச் சொட்டெல்லாம் தோற்ற பிறகு செய்வது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2019-இல் பிரிட்டனில் எழுநூறு சொச்சம் நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு லான்செட் மருத்துவ இதழில் வந்தது. முதல் சிகிச்சையாகவே லேசர் செய்துகொண்டவர்களில் முக்கால்வாசிப் பேர் மூன்று வருஷம் கழித்தும் சொட்டே இல்லாமல் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒத்துவராது, கோணம் மூடிய வகைக்கு இது பொருந்தாது, நாளாவட்டத்தில் பலன் குறையவும் செய்யும். இருந்தாலும் கேட்டுப் பார்க்கலாமே. எனக்குச் செய்தார்கள். கண்மேல் ஒரு லென்ஸை வைத்து, பளிச் பளிச் என்று கொஞ்ச நேரம். அன்றைக்கே வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன். டார்சோலமைட்டும் பிரிமோனிடினும் போய்விட்டன. இரவு லாட்டனோப்ரோஸ்ட் மட்டும் மிச்சம், அதுவும் பென்சல்கோனியம் இல்லாத பாட்டில்.

இவ்வளவு புலம்பிவிட்டு இதையும் சொல்ல வேண்டும்: ஒரு நாளும் நானாகச் சொட்டை நிறுத்தவில்லை. அதற்கு அப்பா ஒரு காரணம். இன்னொன்று, சுவீடனின் மால்மோ பக்கம் நடந்த நீண்ட ஆய்வொன்றின் கணக்கு. அழுத்தம் ஒவ்வொரு புள்ளி குறையும்போதும் நோய் முற்றுகிற அபாயம் பத்து சதவீதம் போல் குறைகிறது. எனக்கு எண்கள்மேல் மரியாதை உண்டு. 28-க்கும் 17-க்கும் நடுவில் எத்தனை புள்ளி இருக்கிறது என்று தெரிந்தபின் கசப்பையும் கறுப்பையும் பொறுத்துக்கொள்ள முடிந்தது. அப்பாவிடம் யாராவது இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியிருந்தால் அவரும் பொறுத்திருப்பாரோ என்னவோ. அவரும் கணக்கெழுதினவர்தானே.

இப்போது எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டர் உட்பட, பைலின் முதல் பக்கத்தைத் திறந்து நீட்டுகிறேன். போடுகிற சொட்டு, நிறுத்திய சொட்டு, எதற்காக நிறுத்தினார்கள் என்பது எல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும். அவர்கள் மாத்திரையைப் பற்றிக் கேட்கட்டும், கேட்காமல் போகட்டும்.

போன செக்கப்பில் வலது கண் 23. நரம்பு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறதாம், ஆனாலும் ஏதாவது தொடங்குவது நல்லது என்கிறார்கள். அந்தக் கண்ணுக்கும் லாட்டனோப்ரோஸ்ட் ஆரம்பிக்கலாம், அல்லது லேசர். வீட்டுக்கு வந்து சொன்னேன். மாமியார் வெற்றிலையை மடித்துக்கொண்டே யோசித்துவிட்டு, "சொட்டே போட்டுக்கயேன். ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி ஆயிடுமில்ல" என்றார். நான் லேசரைத்தான் கேட்கப்போகிறேன். அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.